ரெண்டாள் துணி

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை, விடுதி விரிப்பு ஒன்றை மடித்ததுதான்.

இரட்டைக் கட்டிலுக்குப் போடுகிற பெரிய விரிப்பு. சலவைக்கூடத்தில் அதற்கு ரெண்டாள் துணி என்று பெயர். எவ்வளவு நீளக் கைக்காரனாக இருந்தாலும் தனியாக மடித்தால் ஒரு முனை தரையில் புரண்டே தீரும். புரண்டது திரும்பத் தொட்டிக்குத்தான் போகும். அதனால் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்து, ஓர் உதறு உதறி, விறைப்பாக இழுத்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். முனைகளைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பின் அடியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பின்னுக்குப் போகவேண்டும். போய் வரப் போய் வர நடுவில் இருக்கிற துணி சின்னதாகிக்கொண்டே வரும். கடைசி மடிப்பில் அவன் எப்போதும் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பான். கல்யாணமான நாளிலிருந்து இதே குறும்பு. அவளும் தெரிந்து வைத்துக்கொண்டு வலது காலை அழுத்தி ஊன்றித்தான் நிற்பாள். இருந்தும் தடுமாறி அவன் நெஞ்சில் போய் முட்டுவாள்.

அன்றைக்கும் இழுத்தான்.

"தரையெல்லாம் ஈரம். விழுந்தா என்ன பண்றது?" என்றாள்.

"விழுந்தாத் துவைச்சுக்கலாம். சோப்புக்கா பஞ்சம்?"

இஸ்திரி மேசையிலிருந்து அவனுடைய அக்கா தலையைத் தூக்காமலே, "கொஞ்சறத வீட்டோட வெச்சுக்கங்க. விடுதிக்காரன் வெறுங்கட்டிலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றாள்.

அவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். போகிற வழியில் துணிக்கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தான். முதல் நாள் அவன் போட்டுக் கழற்றிய சட்டைக்குள் அது சுருண்டு கிடந்தது. கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

விடுதியின் பின்பக்கப் படியில், இரண்டு மாடிகளுக்கு நடுவில், மூச்சு வாங்க உட்காருகிறவன் போல உட்கார்ந்தானாம். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மடியில் மூட்டை மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்ததாம். விடுதிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஆளைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் மூட்டையை மேலே கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே அந்த விரிப்புகளைக் கட்டில்களில் விரித்துவிட்டார்கள். அவர்களுக்கும் வேலை நடக்கவேண்டுமே.

அந்தக் கூடத்தில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் நிலைப்பதில்லை. கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் பாய்லர் அண்ணன். அவனுடைய அக்கா, வேறென்ன, இஸ்திரி. மடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவன் மடிப்பு. அவன் பெண்டாட்டி கஞ்சித் தொட்டியில் நின்றாள், அதனால் கஞ்சி. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அது மட்டும் காரணமில்லை. யாரோடும் சட்டென்று பழகாத, சிரிப்பைக்கூட அளந்து விடுகிற ஒரு விறைப்பு அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. "கஞ்சியும் மடிப்பும் சேந்தாத்தாண்டா துணி நிக்கும்" என்று பாய்லர் அண்ணன் கல்யாணத்தன்று சொன்னது கூடத்துக்கே பழமொழியாகிவிட்டது. பெண் குழந்தை பிறந்ததும் அதற்கும் பெயர் வைத்தவன் மடிப்புதான். "நம்ம கடைக்கு வர்றதுலயே சின்னத் துணி எது? கைக்குட்டை. அதான் இவ."

கைக்குட்டை பிறந்தபோது கஞ்சிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வலி தீர்ந்து, குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் குழந்தையைப் பார்த்தாள். சலவைக்குறி மாறி வேறு வீட்டு மூட்டை வந்துவிட்டால் கூடத்தில் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். கிழிசலில்லை, கறையில்லை, நல்ல துணிதான். ஆனால் நம்முடையதில்லை. உரியவர்கள் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

வேலையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குப் பால் கொடுத்தாள். நனைந்ததை மாற்றினாள். குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டுப் படுக்கவைத்தாள். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்பது போல நின்றாள். ஒரு நாள் மத்தியானம் டீ குடிக்க அவன் மாடிக்கு வந்தபோது சொல்லிவிட்டாள். கொதிகலனுக்கு நேர் மேலே அவர்களுடைய ஒற்றை அறை. சுவரில் சாய்ந்தால் முதுகுக்குச் சூடு ஏறும்.

"எனக்கு ஒண்ணும் தோணலைங்க."

"என்ன தோணணும்?"

"எல்லாருக்கும் தோணுமாமே. பாத்ததும் உசுரு உருகிரும்னு உங்கக்கா சொல்றாங்க. பெக்காதவங்களுக்கே தெரியுது. எனக்குத் தெரியல. அழுதா எரிச்சலா வருது. அழலைன்னா அப்பாடான்னு இருக்கு. அவ்வளவுதான்."

அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். "கஞ்சி ஊத்தின உடனே துணி விறைச்சிருமா?"

"விறைக்காது."

"ஏன்?"

"காயணும்."

"அப்படித்தான் இதுவும். மழைக்காலம் வேற. கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்."

"காயவே இல்லன்னா?"

"காயற வரைக்கும் எங்கிட்ட இருக்கறத ரெண்டு பேருக்குமா சேத்து வெச்சுக்கலாம். எங்கிட்ட நெறையக் கெடக்கு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

"எனக்கென்ன பைத்தியமா?"

அவனிடம் நிறையக் கிடந்தது உண்மைதான். வேலை விட்டு வந்ததும் கைக்குட்டையைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்துவிடுவான். அதுவும் தவளைக்குஞ்சு போல அப்பிக்கொண்டு தூங்கும். வேறெங்கே போட்டாலும் கூரை அதிரும். அதனால் வேலைக்குப் போகும்போது, முதல் நாள் போட்ட சட்டையைத் துவைக்கப் போடாமல் குழந்தைக்குச் சுற்றிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டான். வேர்வை, சோப்பு, நீராவி, திருட்டுத்தனமாகக் குடிக்கிற சுருட்டின் ஒரு துளி. இந்த வாடை இருந்தால் குழந்தை ஏமாந்துபோய்த் தூங்கும். ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிற கூடத்தில், துவைக்காமல் விட்ட ஒரே துணி அதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் நாத்தனார் அந்த அறைக்கு வந்தாள். தெருமுனையில் தனி வீட்டில் இருப்பவள். புருஷன் விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. பிள்ளை இல்லை. மழைக்காகச் சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். தம்பியின் உடம்பைக் கொண்டுவந்து போட்டபோதும் அவள் அழவில்லை. இப்போதும் அழவில்லை. டீயும் ரொட்டியும் கொண்டுவந்து கஞ்சியின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. பால் ஊறணும்ல."

கஞ்சி ரொட்டியை டீயில் நனைத்தாள். நனைத்த துண்டு உடைந்து டீக்குள்ளேயே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரூமெல்லாம் ஒரே புழுக்க நாத்தம். இந்த மழையில அழுக்கத் தேக்கி வெச்சா பூஞ்சை பிடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் எழுந்தாள். அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கட்டில் விரிப்பை உருவினாள். தலையணை உறையைக் கழற்றினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சட்டைகள், தொப்பி, கால்துடைப்பு என்று எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டினாள். குழந்தையை லேசாகப் புரட்டி, அதற்கு அடியில் கிடந்த சட்டையை உருவிக்கொண்டு, வெளுத்த துண்டு ஒன்றை வைத்தாள். கஞ்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண் பார்த்தது, மனசு அங்கே இல்லை.

வாசலில் மூட்டையோடு நின்று நாத்தனார் சொன்னாள்: "புள்ளையக் கொஞ்ச நாளைக்கு நான் வெச்சுக்கறேன். நீயும் வேலைக்குப் போகணும். உன் உடம்பும் தேறணும். நாளைக்கு இதையெல்லாம் குடுத்துட்டு அவளக் கூட்டிட்டுப் போறேன். என்ன சொல்ற?"

"சரிங்க அண்ணி" என்றாள் கஞ்சி.

சொன்னவுடன் தோளிலிருந்து பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. மூட்டை உரியவர்கள் வீட்டுக்குப் போகப்போகிறது. பாரம் இறங்கின வெட்கம் பின்னாலேயே வந்தது. அதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

நாத்தனார் படியிறங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குழந்தை அழத் தொடங்கியது. பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தோளில் போட்டாலும் மடியில் போட்டாலும் சூட்டுச் சுவரோரம் படுக்கவைத்தாலும் அழுதது. கொஞ்சம் ஓயும், கண் சொருகும், மூக்கால் எதையோ தேடும், கிடைக்காமல் மறுபடி வீரிடும். பாய்லர் அண்ணன் கீழிருந்து ஏறி வந்து வாசலில் நின்றார்.

"கைக்குட்டைக்கு இவ்வளவு தொண்டையா? என் மிஷினே பயந்து நின்னுரும் போல இருக்கு" என்றார். கஞ்சி சிரிக்காததால், "வேணும்னா சொல்லு தாயி, கீழதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் நாத்தனார் வந்தபோதும் அழுகை ஓய்ந்தபாடில்லை. அவள் ஒரு கையில் கூடை வைத்திருந்தாள், குழந்தையை வைத்துக் கொண்டுபோக. இன்னொரு கையில் பொட்டலம். பழுப்புக் காகிதத்தில் நான்கு மூலையும் கத்தியாக மடித்து, நூல் போட்டுக் கட்டி, முடிச்சைப் பக்கவாட்டில் ஒளித்து வைத்திருந்தாள். கூடத்து முதலாளி வீட்டுத் துணியைக்கூட அவள் அப்படிக் கட்டியதில்லை.

பொட்டலத்தைப் பார்த்ததும்தான் கஞ்சிக்கு உறைத்தது. பல்லால் நூலைக் கடித்து அறுத்து மேலே இருந்த சட்டையை எடுத்தாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு. நீலம். அப்புறம் கஞ்சி, அவளே காய்ச்சி வைத்த தொட்டிக் கஞ்சி. அடுத்த சட்டை. அதற்கு அடுத்தது. தலையணை உறை, தொப்பி. ஒவ்வொன்றாக முகர்ந்து தரையில் போட்டாள். புதுத்துணிக் கடையில் நிற்கிறவள் போல இருந்தது. ஒரு சட்டையை எடுத்துக் குழந்தையைச் சுற்றினாள். விறைத்த காலர் கன்னத்தில் உரசியதும் அது மூச்சடைக்க அழுதது.

"எத்தன தடவ துவைச்சீங்க?" என்றாள்.

"ரெண்டு தடவ. காலரெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு. இஸ்திரி தம்பி சட்டையப் பாருன்னு நாலு பேரு சொல்றதுக்கா?"

"இனிமே யாரு அதப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னால நிக்கப் போறா?"

நாத்தனார் தரையில் கிடந்த சட்டைகளைக் குனிந்து எடுத்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள்.

"அவரு மூட்டை ஏத்திட்டுப் போற சைக்கிள் வண்டி சீட்டு மேல ஒரு பழந்துணி கெடக்குமே அண்ணி, உக்கார்றதுக்குப் போட்டிருப்பாரே?"

"அதுவா? கரித்துணியாட்டம் இருந்துச்சு. சோடாவுல ஊறப்போட்டு எடுத்தேன் பாரு, எப்படி வெளுத்திருக்குன்னு." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இவ அவரு போட்டுக் கழட்டின சட்டையிலதான் அண்ணி தூங்குவா."

"அழுக்குலயா?"

"அழுக்குலதான்."

"நல்லா இருக்கு. பொறந்த புள்ளைக்குப் புருஷனும் பொண்டாட்டியுமாச் சேந்து அழுக்குல தூங்கப் பழக்கிவிட்டிருக்கீங்க. குடு இங்க."

நாத்தனார் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துச் சால்வையால் மூடினாள். குழந்தை ஒரு தரம் விம்மியது. மூக்கை அவள் கழுத்தோரம் தேய்த்தது. தேய்த்துக்கொண்டே அடங்கியது. அறையில் மழைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவ்வளவு நேரமும் மழை பெய்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"பாத்தியா? எல்லாத்துக்கும் ஒரு ஒட்டுதல் வேணும்" என்றாள் நாத்தனார். ஏளனமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "உன்மேல தப்பு சொல்லல. சில பேருக்கு அப்படித்தான். அவனே சொன்னான்."

"என்ன சொன்னாரு?"

"அது எதுக்கு இப்ப?"

"என்ன சொன்னாருன்னு கேக்கறேன்ல."

"உனக்கு இவ மேல ஒண்ணும் தோணலன்னு சொன்னியாம். பொறந்த மறுவாரமே எங்கிட்ட வந்து அழுதான். 'அவ தள்ளியே நிக்கறாக்கா, எனக்குப் பயமா இருக்கு, நீ அடிக்கடி வந்து பாத்துக்க'ன்னான். அது தெரிஞ்சதாலதான் கேட்டேன். இல்லன்னா, பெத்தவகிட்டேயிருந்து புள்ளையப் பிடுங்கிட்டுப் போற ராட்சசியா நான்?"

அவன் செத்துப்போனதைச் சொன்னபோதுகூடக் கஞ்சிக்கு அவன்மேல் ஒன்றும் வரவில்லை. காது அடைத்துக்கொண்டதோடு சரி. இப்போது கோபம் வந்தது. தன்னிடம் டீயை ஊதிக்கொண்டு கஞ்சிக் கதை சொன்னவன், அக்காவிடம் போய் அழுதிருக்கிறான். நெறையக் கெடக்கு என்றவனுக்குப் பயமாக இருந்திருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாதே என்று கேட்டிருந்தாள். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்கலாமென்றால் சட்டை மட்டும்தான் இருந்தது, அதுவும் இஸ்திரி போட்டு.

குழந்தையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனாள். போனதும் நின்றுவிட்டாள். வேர்வை, சோப்பு, நீராவி, ஒரு துளி சுருட்டு. சால்வையை விலக்கினாள். நாத்தனாரின் தோளில், ரவிக்கைக்கு மேல், மடிப்பு அன்றைக்குக் கழுத்தில் போட்டுக்கொண்டு போன துண்டு கிடந்தது. குழந்தை அதில் முகத்தைப் புதைத்து ஒரு முனையைக் கையில் பிடித்திருந்தது.

"என்னங்க அண்ணி இது?"

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. அவன் கழுத்துல கெடந்தது."

"இதத் துவைக்கலையா?"

நாத்தனார் சால்வையை இழுத்துத் துண்டின் மேல் மூடினாள்.

"தொட்டி வரைக்கும் கொண்டுதான் போனேன். கை வரல."

"பூஞ்சை பிடிக்கும்னீங்களே."

"பிடிக்கட்டும்."

"எனக்குக் குடுங்க."

"மாட்டேன்."

"எம்புருஷன் துண்டு."

"உனக்கு அவன் நேத்துப் புருஷன். நான் அவன இடுப்புல தூக்கி வளத்தவ. அவன் மூத்திரத் துணிய அலசி அலசித்தான் எனக்கு இந்தத் தொழிலே வந்துச்சு." அவள் உதடு கோணியது. அழுகை வரப்போகிறது என்று கஞ்சி நினைத்தாள். வரவில்லை. "உங்கிட்ட அவன் புள்ள இருக்கு. எங்கிட்ட என்ன இருக்கு சொல்லு? ஒரு துண்டு. அதையும் குடுன்ற."

வாசலில் கூடை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சின்ன மெத்தை. இன்று நேற்றுத் தைத்ததாகத் தெரியவில்லை.

நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பாரு. நீயும் சரின்னு சொல்லிட்ட. புள்ள எங்கூட வரட்டும். துண்டும் அதுகூடவே இருக்கட்டும். ரெண்டையும் எதுக்குப் பிரிக்கணும்? நிம்மதியாத் தூங்கும். நீ எப்ப வேணா வந்து பாரு. தெருமுனைதான."

அதில் ஒரு நியாயக்கேடும் இல்லை. அதுதான் கஞ்சிக்குத் தாங்கவில்லை.

"துண்ட நீங்க வெச்சுக்கங்க. அவளக் குடுங்க."

"அழுவாளே."

"அழட்டும்."

"உனக்குத்தான் அவ மேல..."

"ஆமா. ஒண்ணும் தோணல. அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. இப்பவும் ஒண்ணும் தோணல. ஆனா குடுக்க மாட்டேன்."

"இதுக்குப் பேரு வீம்பு."

"வீம்புதான். குடுங்க."

குழந்தையைத் தூக்கினாள். துண்டும் கூடவே வந்தது. முனையை அது விடவில்லை. கஞ்சி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நனைந்த முடிச்சை அவிழ்ப்பது போல, நகம் படாமல், அவசரப்படாமல். கடைசி விரல் விட்டதும் குழந்தை வீரிட்டது. நாத்தனார் துண்டைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவன் இதப் பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் படியிறங்கினாள். கூடையை எடுக்க மறந்து போனாள்.

அன்று முழுக்கக் கஞ்சி அந்த ஒற்றை அறைக்குள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கட்டிலிலிருந்து சன்னலுக்கு, சன்னலிலிருந்து கட்டிலுக்கு. தாலாட்டு ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள்.

"அழு. எனக்கும் சேத்து அழு. உங்கப்பன் ரெண்டு பேருக்குமாச் சேத்து வெச்சிருக்கேன்னாரு. எங்க வெச்சாருன்னு சொல்லாமலே போயிட்டாரு. தேடிப் பாத்தா உங்கத்த அதையும் துவைச்சுட்டா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு. எனக்குக் கஞ்சி காய்ச்சத்தான் தெரியும்."

குழந்தை ஒரு கட்டத்தில் தூங்கியது. அலுத்துப்போய்த் தூங்கியது. கீழே வைத்தால் விழித்துவிடுமோ என்று பயந்து கஞ்சி நின்றபடியே சூட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் அதன் எச்சில் வழிந்து ஆறியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது மழை விட்டபாடில்லை. கொடிகளில் எதுவும் காயவில்லை. கொதிகலனைச் சுற்றிக் கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். விடுதியிலிருந்து விரிப்புகள் அழுக்காகி வந்து, வெளுத்து, திரும்பப் போய், மறுபடி அழுக்காகி வந்திருந்தன. அவன் மடியில் இருந்தவை இந்தக் குவியலில் எவை என்று அவள் பார்த்தாள். எல்லாம் ஒரே வெள்ளை. ஒரே அளவு.

"ரெண்டாள் துணி மலை மாதிரி சேந்து போச்சு" என்றார் முதலாளி. "கஞ்சி உயரத்துக்கு ஒத்த ஆள் வேணும். இஸ்திரி, நீ போய் நில்லு."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தார்கள். பின்னுக்கு நகர்ந்தார்கள். உதறினார்கள். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். அதற்கு வேறு வழியில்லை. விரலோடு விரல் பட்டது. நாத்தனாரின் விரல்கள் இஸ்திரிச் சூட்டில் காய்ந்திருந்தன, கஞ்சியின் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. கண்ணைப் பார்க்காமல் முனையை மாற்றிக்கொண்டார்கள்.

"பேச்சு இல்லாம மடிச்சா வேலை சீக்கிரம் முடியுதுப்பா" என்றார் பாய்லர் அண்ணன், பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

கூடையில் கிடந்த கைக்குட்டை அழும்போதெல்லாம் கஞ்சி போய்த் தூக்கினாள். நாத்தனார் முனையைப் பிடித்தபடி அப்படியே நின்று காத்திருப்பாள். ஒரு தடவைகூடக் கூடையை நோக்கி ஓர் அடி வைத்ததில்லை. துண்டு மட்டும் சால்வைக்குள் இருந்துகொண்டே இருந்தது.

மழை முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலையில், கூடத்தின் பின்கொடியில் அந்தத் துண்டு தொங்குவதைக் கஞ்சி பார்த்தாள். பளீரென்று வெளுத்திருந்தது. ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் துவைத்தும் போகாமல் நின்றன. பூஞ்சை பிடித்துத்தான் விட்டிருந்தது. நாத்தனார் கொடிக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள்கள் குலுங்கின. அப்போதுதான் அவள் முதல்முதலாக அழுதாள். இப்படி ஒரு நாள் வந்தால் வயிறு குளிரும் என்று கஞ்சி நினைத்து வைத்திருந்தாள். குளிரவில்லை. வந்த வழியே உள்ளே போய்த் தொட்டியைக் கிளறினாள். அன்றைக்குக் கஞ்சி கட்டி தட்டிவிட்டது.

குழந்தை எப்போது தேடுவதை நிறுத்தியது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் அவளுடைய ஈர ரவிக்கையில், புளித்த கஞ்சி வாடையில் மூக்கைத் தேய்த்துவிட்டுப் பேசாமல் தூங்கியது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை. அவளுக்கும் இல்லை. காய்ந்ததா என்று கேட்க யாரும் இல்லாததால் அவளும் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கே எந்த வேலையில் இருந்தாலும் அது சிணுங்குகிற முன்பே கை துடைத்துக்கொள்வதை மட்டும் ஒரு நாள் கவனித்தாள். அதற்கு என்ன பெயர் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. சொன்னால் அது எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும்.

கைக்குட்டை இப்போது கூடையை விட்டிறங்கித் துணிக்குவியல்களுக்கு நடுவில் நடக்கிறாள். அப்பன் சட்டையைக் காட்டினால் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்கு அது ஒரு துணி. அத்தையும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்பதும் அவளுக்கு இன்னும் தெரியாது. இருவருக்கும் நடுவில் விரிப்புக்கு அடியில் புகுந்து ஓடுகிறாள், கூடாரம் என்று நினைத்துக்கொண்டு. அவள் ஓடி முடிக்கும் வரை இருவரும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பிறகு கிட்டே வருகிறார்கள். நாத்தனார் இழுப்பவள் இல்லை. ஒரு நாளும் இழுத்ததில்லை. இருந்தும் கடைசி மடிப்பு வரும்போது கஞ்சியின் வலது கால், ஈரத்தரையில், அழுத்தி ஊன்றிக்கொள்கிறது.